சிகிச்சைக் காலத்தில் வீட்டு உதவியாளர்: பெற்றோர் அறிய வேண்டியவை

எங்கள் பகல்நேரச் சிகிச்சைப் பிரிவுக்குக் கீமோதெரபி பெற வருபவர்களிடம் நாங்கள் வழக்கமாகச் சில கேள்விகளைக் கேட்போம். காய்ச்சல் வந்ததா, வாந்தி இருந்ததா, வாயில் புண் உண்டா, உணவு இறங்குகிறதா. பல ஆண்டுகள் இந்தக் கேள்விகளோடு நிறுத்திக்கொண்டோம். "பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?" என்று கேட்கத் தொடங்கியது, ஒரு தாய் தம் மூன்றாம் சுற்றுச் சிகிச்சைக்கு வராமல் போன பிறகுதான்.

அவருக்கு மார்பகப் புற்றுநோய். மூத்த மகள் இரண்டாம் வகுப்பு. இளைய மகனுக்கு இரண்டரை வயது. முதல் இரண்டு சுற்றுகளின்போது ஊரிலிருந்து மாமியார் வந்து துணையிருந்தார். மூட்டுவலி அதிகமானதால் அவர் திரும்பிச் சென்றுவிட்டார். கணவருக்கு விடுப்பு தீர்ந்திருந்தது. குறித்த நாளில் அவர் வராததால் செவிலியர் தொலைபேசியில் அழைத்தபோது, "பிள்ளையை விட்டுட்டு வர ஆள் இல்லை சிஸ்டர்" என்றார். மருந்தும் படுக்கையும் ஆயத்தமாக இருந்தும் அந்தச் சுற்று பத்து நாட்கள் தள்ளிப்போனது.

புற்றுநோய் மருந்துகள் குறித்த இடைவெளியில் ஏற்றப்படுவதற்குக் காரணம் உண்டு. உடலின் நல்ல அணுக்கள் மீண்டெழுவதற்கும், புற்று அணுக்கள் மீண்டும் தலைதூக்காமல் இருப்பதற்கும் இடைப்பட்ட அளவு அது. தொற்றோ, இரத்த அணுக்கள் குறைவோ இருந்தால் நாங்களே சுற்றைத் தள்ளிவைப்போம். வீட்டில் ஆள் இல்லை என்பதற்காகத் தள்ளிப்போவது தவிர்க்கக்கூடிய ஒன்று. ஆகவே, சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் ஓர் உதவியாளரை அமர்த்துவதைச் சிகிச்சைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கருத வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம். அந்தத் தாயின் அனுபவத்தை, அவரது இசைவோடு, அடையாளம் தெரியாதவாறு இடையிடையே குறிப்பிடுகிறோம்.

எந்த நாட்களுக்கு உதவி தேவை?

உதவியாளர் என்றதும் மாதம் முழுவதும் வீட்டோடு தங்கும் ஒருவரையே பலர் எண்ணுகின்றனர்; செலவை நினைத்து அந்த எண்ணத்தையே கைவிடுகின்றனர். சிகிச்சையின் எல்லா நாட்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாட்களை எண்ணிப் பார்த்தால் தேவையின் அளவு தெளிவாகும்.

21 நாட்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றப்படும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதல் நாள் முழுவதும் அவர் மருத்துவமனையில் இருப்பார். அடுத்த மூன்று நான்கு நாட்களில் களைப்பும் குமட்டலும் மிகுந்திருக்கும். அடுப்பின் அருகில் நிற்பதே கடினம். ஏறத்தாழ 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். வெளிப்பார்வைக்குத் தெம்பாகத் தோன்றினாலும் தொற்றுக்கு இடமளிக்கும் காலம் இதுவே. அதன் பிறகு அடுத்த சுற்று வரை பெரும்பாலானோர் ஓரளவு வலிமை பெறுவர். எனவே முதல் ஐந்து நாட்களுக்கு முழுநேர உதவி, அடுத்த பத்து நாட்களுக்கு அரைநாள் உதவி, கடைசி வாரத்தில் ஓரிரு மணி நேரம் என்று பிரித்துக்கொள்ள முடியும். மருந்துக்கு மருந்து இந்தக் கணக்கு மாறுபடும். உங்களுக்கான நாட்களை மருத்துவரிடம் கேட்டு நாட்காட்டியில் குறித்து, சமையலறைச் சுவரில் மாட்டி வையுங்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சையில் நிலை வேறு. வார நாட்களில் அன்றாடம், பல வாரங்கள் வரவேண்டியிருக்கும். அங்கே தேவைப்படுவது நாள்தோறும் அதே நேரத்தில் தவறாமல் வரக்கூடிய ஒருவர். இரத்தச் சுத்திகரிப்புக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் வருவோருக்கும் இது பொருந்தும். அக்குளில் நிணநீர் முடிச்சுகள் அகற்றப்பட்ட மார்பக அறுவைக்குப் பின், சில வாரங்களுக்குக் கனமான எதையும் தூக்கக் கூடாது. இரண்டு வயதுக் குழந்தையும் கனமானதே. "தூக்கு" என்று கைநீட்டும் குழந்தையிடம் இதை விளக்க முடியாது. தூக்கித் தாயின் மடியில் அமர்த்த அருகில் ஒருவர் வேண்டும்.

எதைக் கொடுப்பது, எதை வைத்துக்கொள்வது?

உதவியாளர் வந்ததும் குழந்தையை அவரிடம் முழுமையாக ஒப்படைத்துவிட்டு, எஞ்சியிருக்கும் தெம்பில் பாத்திரம் துலக்கும் தாய்மார்களைக் கண்டிருக்கிறோம். அவர்களுடைய நோக்கம் நல்லது, முறைதான் தலைகீழ். களைப்புற்ற உடலில் ஒரு நாளைக்குச் செலவிடக் கிடைக்கும் வலிமை சிறிதளவே. அதைப் பிள்ளைகளுக்கென்று வைத்துக்கொண்டு, பிறர் செய்யக்கூடிய வேலைகளைக் கொடுத்துவிடுவதே முறை.

கொடுக்க வேண்டியவை: பாத்திரம் துலக்குதல், துணி துவைத்தல், வீடு பெருக்கித் துடைத்தல், காய்கறி நறுக்குதல், கடைக்குச் செல்லுதல், பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருதல், குழந்தையைக் குளிப்பாட்டுதல். ஒட்டடை அடித்தல், குப்பை அகற்றுதல், கோழிக்கூடு சுத்தம் செய்தல், தொட்டி மண்ணைக் கிளறுதல் ஆகியவற்றை நோயாளி அறவே தவிர்க்க வேண்டும். தூசியிலும் மண்ணிலும் உள்ள பூஞ்சைகள், வெள்ளை அணுக்கள் குறைந்தவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும்.

வைத்துக்கொள்ள வேண்டியவை: இரவில் கதை சொல்வது, மகளுக்குத் தலைபின்னுவது, பள்ளியில் நடந்ததைக் கேட்பது. இவற்றுக்குப் படுக்கையில் சாய்ந்த நிலையே போதும். "பிள்ளை அந்த அக்காவையே அம்மா என்று நினைத்துவிடுமோ" என்று எங்களிடம் கண்கலங்குவோர் உண்டு. அன்பாகப் பார்த்துக்கொள்ளும் இன்னொருவரோடு ஒட்டிக்கொள்வதால் குழந்தைக்குத் தாய் மீதுள்ள பற்று குறைவதில்லை. நாள்தோறும் ஒரே நேரத்தில் தாயோடு கழியும் அரைமணி நேரம் அந்தப் பற்றைக் காத்து நிற்கும்.

இங்கே இன்னொன்றையும் கூறியாக வேண்டும். சில வீடுகளில் உதவியாளர் ஏற்கெனவே இருக்கிறார். அவர் பெயர் மூத்த மகள். பன்னிரண்டு வயதுச் சிறுமி பள்ளிக்கு விடுப்பெடுத்துத் தம்பியைப் பார்த்துக்கொள்வதைக் குடும்பம் பொறுப்புணர்வு என்று பாராட்டுகிறது. தண்ணீர் எடுத்துக் கொடுப்பதும் தட்டு எடுத்து வைப்பதும் அவளுக்கும் ஆறுதல் தரும். பள்ளியை இழப்பது வேறு. அந்த இழப்பு, தாயின் நோய் குணமான பிறகும் அவளோடு தொடரும். இப்படி ஒரு நிலை உங்கள் வீட்டில் இருந்தால் தயங்காமல் எங்களிடம் சொல்லுங்கள்.

யாரைத் தேர்ந்தெடுப்பது?

பதினெட்டு வயது நிறைந்தவரையே அமர்த்துங்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைப்பது நம் நாட்டில் 2006 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2016இல் சட்டம் மேலும் இறுக்கமாக்கப்பட்டது. வயது கடந்த வளரிளம் பருவத்தினரிடமும் சிறு குழந்தையையும் நோயாளியையும் ஒருசேர ஒப்படைப்பது முறையன்று.

தெரிந்தவர் வழியாக வந்தாலும் முகவர் வழியாக வந்தாலும், அவர் முன்பு வேலை செய்த வீட்டாரிடம் ஒருமுறை பேசுங்கள். அடையாள அட்டையின் நகலையும், அவசரத்தில் அவர் குடும்பத்தில் யாரை அழைப்பது என்பதையும் பெற்றுக்கொள்ளுங்கள். "குழந்தை சாப்பிட மறுத்து அழுதால் என்ன செய்வீர்கள்?", "விளையாடும்போது விழுந்து நெற்றியில் அடிபட்டால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். சரியான விடையைக் காட்டிலும், பதற்றமின்றி யோசிக்கிறாரா, உடனே உங்களை அழைப்பேன் என்கிறாரா என்பதைக் கவனியுங்கள். சிகிச்சை தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பே அவர் வரத் தொடங்கட்டும். தாய் வீட்டில் இருக்கும்போதே குழந்தை அவரோடு பழகிவிட்டால், தாய் மருத்துவமனைக்குக் கிளம்பும் காலையில் அழுகை குறையும்.

நகையையும் பணத்தையும் முன்னரே பூட்டி வைத்துவிடுங்கள். பிற்பாடு ஐயம் எழுந்து ஒருவர் மனம் நோவதைவிட இது நல்லது. வீட்டில் கேமரா பொருத்துவதானால் அதை அவரிடம் தெரிவியுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இருமல் உள்ள எவரும் காசநோய்க்கான பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இது வீட்டாருக்கும் பொருந்தும். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. சின்னம்மை முன்பு வந்ததுண்டா, அதற்குத் தடுப்பூசி போட்டதுண்டா என்பதைக் கேட்டு எங்களிடம் தெரிவியுங்கள். இன்ஃபுளுவென்சா தடுப்பூசியை வீட்டார் போட்டுக்கொள்ளும்போது, உதவியாளருக்கும் உங்கள் செலவிலேயே போடச் செய்யுங்கள்.

முதல் நாளில் மறைக்காமல் சொல்ல வேண்டியவை

நோயின் பெயரை உதவியாளரிடம் மறைக்கும் குடும்பங்கள் பல. "வயிற்றுப் புண்", "இரத்தக் குறைவு" என்று சொல்லிவைப்பர். தலைமுடி கொட்டத் தொடங்கியதும் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். மறைக்கப்பட்டதே அச்சமாக மாறும். அக்கம்பக்கத்தார் "ஒட்டிக்கொள்ளும்" என்று சொன்னால் மறுநாள் அவர் வரமாட்டார். நோயாளியின் இசைவோடு, முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லுங்கள். புற்றுநோய் தொட்டாலோ, அருகில் அமர்ந்தாலோ, சேர்ந்து உண்டாலோ தொற்றாது. இதை நாங்களே விளக்க வேண்டுமென்றால், அடுத்த வருகையின்போது அவரையும் அழைத்து வாருங்கள்.

உதவியாளருக்கும் ஒரு பாதுகாப்பு தேவை. கீமோதெரபி மருந்தின் ஒரு பகுதி சிறுநீர், மலம், வாந்தி வழியாக வெளியேறுகிறது. மருந்து ஏற்றிய பின் குறைந்தது முதல் 48 மணி நேரம் இவற்றைத் துடைக்கவோ, இவை பட்ட துணிகளைத் துவைக்கவோ நேர்ந்தால் கையுறை அணிய வேண்டும். அத்துணிகளைத் தனியாகத் துவைத்து, வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். கழிப்பறையில் மூடியை மூடி இரண்டு முறை நீர் ஊற்ற வேண்டும். கருவுற்றிருப்பவரும் பாலூட்டும் தாயும் இந்த வேலையைச் செய்யக் கூடாது. மாத்திரையாகக் கொடுக்கப்படும் புற்றுநோய் மருந்தை நோயாளியே எடுத்துக்கொள்ளட்டும். பிறர் வெறும் கையால் தொட வேண்டாம். இவற்றைச் சொல்லாமல் ஒருவரிடம் வேலை வாங்குவது அறமாகாது. கையுறைகளை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும்.

சமையல் குறித்தும் முதல் நாளிலேயே பேசிவிடுங்கள். வெள்ளை அணுக்கள் குறைந்துள்ள நாட்களில் நோயாளிக்கு நன்கு வெந்த, சூடான உணவே ஏற்றது. கொதிக்கவைத்து ஆறவைத்த நீரே குடிநீர். பழைய சோறு, முந்தைய நாள் குழம்பு, காலையில் அரைத்து மாலை வரை வெளியில் இருந்த தேங்காய்ச் சட்னி, வெட்டிவைத்துப் பல மணி நேரம் ஆன பழம் ஆகியவை வேண்டாம்.

அடுத்து, சிலருக்குக் கசப்பாகத் தோன்றக்கூடிய ஒன்று. உதவியாளருக்குத் தனித் தம்ளரும் தனித் தட்டும் வைப்பதற்குத் தொற்றைக் காரணம் காட்டும் வீடுகள் உள்ளன. மருத்துவத்தில் அதற்கு இடமில்லை. யார் உண்ட பாத்திரமானாலும் சோப்பிட்டு நன்றாகக் கழுவி உலர்த்தினால் போதும். பழைய வழக்கம் ஒன்றுக்கு எங்கள் பெயரைச் சொல்லிச் சான்று தேட வேண்டாம்.

காய்ச்சல் வந்த நாளின் சம்பளம்

கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய தாய்க்கு வருவோம். மூன்றாம் சுற்று தள்ளிப்போன பின் அவர்கள் ஓர் உதவியாளரை அமர்த்தினர். நாற்பது வயதைக் கடந்தவர், பொறுமையானவர். குழந்தை அவரோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாம் சுற்று நல்லபடியாக முடிந்தது. நான்காம் சுற்றின் 9ஆம் நாளில், அந்தத் தாய்க்கு 101 டிகிரி காய்ச்சலோடு இரவில் அவசரப் பிரிவுக்கு வர நேர்ந்தது. வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருந்தன. ஆறு நாட்கள் உள்நோயாளியாக இருந்தார். அதில் முதல் இரு நாட்கள் எங்களுக்கு நிம்மதியாகக் கழியவில்லை.

மூன்றாம் நாள் உதவியாளர் பார்க்க வந்தார். அறைக்குள் வரவில்லை, கதவருகில் நின்றபடி செவிலியரிடம் பேசினார். நான்கு நாட்களாகத் தமக்குச் சளியும் காய்ச்சலும் இருந்ததாகவும், மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்ததாகவும் சொன்னார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். "வராத நாளுக்குச் சம்பளம் கிடையாதுன்னு முதல்லயே பேசியிருந்தாங்கம்மா. மாசக் கடைசி வேற" என்றார்.

அவரிடமிருந்துதான் தொற்று வந்தது என்று எங்களால் உறுதியாகக் கூற இயலாது. வெள்ளை அணுக்கள் குறைந்த நிலையில் வரும் தொற்றுகளில் பெரும்பாலானவை, நோயாளியின் வாயிலும் குடலிலும் தோலிலும் இயல்பாகவே வாழும் கிருமிகளால் ஏற்படுபவை. அதை அந்த உதவியாளரிடமும் சொன்னோம், சொல்லியாக வேண்டியிருந்தது. ஆயினும் வெளியிலிருந்து வரும் தொற்றைத் தடுப்பதே நம் கையில் உள்ளது. அந்த வீட்டில், நோயுற்ற ஒருவர் அந்த நோயை மறைப்பதற்கு நாமே விலை வைத்திருந்தோம். 'நாமே' என்பதில் மருத்துவர்களாகிய நாங்களும் அடங்குவோம். "சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அருகில் வரக் கூடாது" என்று அறிவுரைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்த எங்களுக்கு, வராமலிருந்தால் ஒருவரின் ஒரு நாள் கூலி போய்விடும் என்பது தோன்றவே இல்லை.

எனவே இப்போது நாங்கள் உறுதியாகப் பரிந்துரைப்பது இது. காய்ச்சல், இருமல், சளி, வயிற்றுப்போக்கு, கண்வலி, உடலில் கொப்புளம் ஆகியவற்றில் எது இருந்தாலும் உதவியாளர் வர வேண்டாம். அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கப்படாது. முதல் நாளிலேயே இதை வாய்விட்டுச் சொல்லுங்கள். அவருடைய வீட்டில் பிள்ளைக்கு அம்மை கண்டிருந்தாலும் தொலைபேசியில் தெரிவிக்கச் சொல்லுங்கள். சின்னம்மை, கொப்புளம் தோன்றுவதற்கு ஓரிரு நாட்கள் முன்பிருந்தே பரவக்கூடியது. தொற்று ஏற்பட்ட பின் 10 முதல் 21 நாட்களுக்குள் வெளிப்படுவது. ஆகவே அவர் மீண்டும் எப்போது வரலாம் என்பதை எங்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இரண்டு மூன்று நாட்களின் சம்பளத்தையும், மருத்துவமனையில் ஆறு நாட்கள் தங்கிய செலவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த விடுப்பு உதவியாளருக்குக் காட்டும் இரக்கம் என்று மட்டும் எண்ண வேண்டாம். நோயாளிக்குப் போடும் வேலியும் அதுவே. அவர் வராத நாளில் யாரை அழைப்பது என்பதற்கு இருவர் பெயரை முன்னரே குறித்துவையுங்கள்: ஒரு பக்கத்து வீட்டார், ஓர் உறவினர். மாற்று ஆள் இல்லாத வீட்டில்தான் "பரவாயில்லை, வந்துவிட்டுப் போங்கள்" என்று சொல்லத் தோன்றும்.

வீட்டுச் சுவரில் ஓர் அட்டை

பெரிய எழுத்தில் ஓர் அட்டை எழுதி மாட்டுங்கள். உதவியாளருக்கு எழுத்து பழக்கமில்லையெனில், படித்துக்காட்டி, முக்கிய எண்களைக் கைப்பேசியில் படத்தோடு பதிந்துகொடுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

• கணவர் அல்லது மனைவி, மாற்று ஆட்கள், எங்கள் பிரிவு ஆகியோரின் தொலைபேசி எண்கள். அவசர ஊர்திக்கு 108. குழந்தைகள் உதவிக்கு 1098.

• நோயாளிக்கு 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம், மூச்சுத்திணறல், நிற்காத இரத்தக் கசிவு, குழப்பமான பேச்சு: உடனே மருத்துவமனை. காய்ச்சல் மாத்திரை கொடுத்துவிட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. வெப்பமானியைப் பார்க்க உதவியாளருக்கும் கற்றுக்கொடுங்கள்.

• குழந்தைக்கு வீட்டார் எடுத்துவைத்த மருந்தைத் தவிர வேறெதையும் கொடுக்கக் கூடாது.

• குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை அதில் குறிப்பிட்டுள்ள அளவு நீரில் முழுமையாகக் கரைத்து, சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

• தீக்காயம் பட்டால் 20 நிமிடம் குழாய்நீரில் காட்ட வேண்டும். பற்பசை, மை, மாவு எதுவும் தடவக் கூடாது.

• வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்கவைக்க வேண்டும். கையில் இரும்பு கொடுப்பதோ, வாயில் எதையேனும் வைப்பதோ கூடாது.

சிகிச்சை நடக்கும் வீட்டில் மருந்துகள் மிகுதி. அவற்றைப் பூட்டி வையுங்கள். தவழும் குழந்தையும் தளர்நடைக் குழந்தையும் உள்ள வீட்டில் வாளியில் நீர் நிற்க வேண்டாம். சிறிதளவு நீரிலும் குழந்தை மூழ்க முடியும். குளியலறைக் கதவு எப்போதும் சாத்தியிருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு முழு வேர்க்கடலை, பட்டாணி போன்றவற்றைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழலில் சிக்கக்கூடும்.

ஊதியமும் உரிமையும்

வேலை நேரம், வேலைகளின் பட்டியல், சம்பளம், வார விடுமுறை, சிகிச்சை நாட்களில் கூடுதல் நேரத்துக்கான தொகை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒவ்வொரு படி வைத்துக்கொள்ளுங்கள். "குழந்தையைப் பார்க்க" என்று அழைத்து, நாளடைவில் சமையல், துணி, விருந்தினர் என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் பெரும்பாலான மனக்கசப்புகளின் தொடக்கம். வேலை கூடினால் ஊதியமும் கூட வேண்டும்.

தமிழ்நாட்டில் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்ச ஊதியம் அரசால் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. நடப்பு விகிதத்தைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் அறியலாம். வீட்டுப் பணியாளர்களுக்கென நல வாரியம் ஒன்று 2007இல் அமைக்கப்பட்டது. அதில் பதிவு செய்தவர்களுக்குப் பிள்ளைகளின் கல்வி, மகப்பேறு, விபத்து போன்றவற்றுக்கு உதவித்தொகை உண்டு. உங்கள் உதவியாளர் பதிவு செய்யவில்லையெனில், படிவம் நிரப்ப ஒரு மணி நேரம் செலவிடுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், வீட்டில் பணிபுரியும் பெண்ணையும் காக்கிறது. நோயாளி அடிக்கடி மருத்துவமனையில் இருக்கும் வீட்டில், உதவியாளர் பாதுகாப்பாக உணர்வதற்கு வீட்டாரே பொறுப்பு.

வசதி குறைந்த குடும்பங்கள் மனம் தளர வேண்டாம். மருந்து ஏற்றிய பின்வரும் ஐந்து நாட்களுக்கு மட்டும் ஒருவரை அமர்த்தலாம். இரண்டு வீடுகள் சேர்ந்து ஒருவரை வைத்துக்கொள்ளலாம். அருகிலுள்ள அங்கன்வாடியில் குழந்தையைப் பகலில் சில மணி நேரம் விடலாம். அவ்வாறு பலரோடு பழகும் குழந்தைக்குச் சளி, காய்ச்சல் கண்டால் தாயிடமிருந்து சற்று விலக்கி வைக்க வேண்டியிருக்கும் என்பதை மறவாதீர்கள். எங்கள் மருத்துவச் சமூகப் பணியாளரிடம் பேசினால் உங்கள் நிலைக்கு ஏற்ற வழியைச் சேர்ந்து காணலாம்.

பிரியும் நாளும் சிகிச்சையின் பகுதி

சிகிச்சை முடிந்ததும் உதவியாளரைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். மாதக்கணக்கில் சோறூட்டி உறங்கவைத்த ஒருவர் சொல்லாமல் மறைந்தால், "எனக்குப் பிரியமானவர்கள் போய்விடுகிறார்கள்" என்று குழந்தை எண்ணக்கூடும். தாயின் நோயைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அந்த எண்ணம் கனமானது. இரண்டு வாரம் முன்பே சொல்லி, நாட்களைப் படிப்படியாகக் குறைத்து, விடைபெறும் நாளில் குழந்தையும் உடனிருக்கச் செய்யுங்கள். உதவியாளருக்கும் வேறு வேலை தேட அந்த அவகாசம் பயன்படும்.

அந்தத் தாய் தம் சுற்றுகள் அனைத்தையும் முடித்துவிட்டார். நான்காம் சுற்றுக்குப் பின் அவர்கள் வீட்டில் மாறியது ஒன்றே: காய்ச்சல் என்று தொலைபேசி வந்தால் சம்பளம் பிடிக்கப்படுவதில்லை. அதன் பிறகு இரண்டு முறை அப்படித் தொலைபேசி வந்ததாகச் சொன்னார். கடைசிச் சுற்று முடிந்த மாலையில், காத்திருப்போர் கூடத்தில் உதவியாளரின் மடியில் மகன் உறங்கிக்கொண்டிருந்தான். தாயைக் கண்டதும் விழித்து, இறங்கி ஓடினான். அவனைத் தூக்கலாமா என்று அவர் எங்களைப் பார்த்தார். அமர்ந்துகொண்டு மடியில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றோம்.

நினைவில் கொள்க

1. சிகிச்சை நாட்காட்டியைப் பார்த்து, உதவி தேவைப்படும் நாட்களைக் கணக்கிடுங்கள்.

2. வீட்டு வேலையைக் கொடுங்கள். பிள்ளைகளுக்கான நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

3. நோயையும் கையுறையின் தேவையையும் முதல் நாளிலேயே சொல்லுங்கள்.

4. உதவியாளர் நோயுற்ற நாட்களுக்குச் சம்பளம் பிடிக்காதீர்கள். மாற்று ஆள் இருவரைக் குறித்துவையுங்கள்.

5. நோயாளிக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால், இரவானாலும் உடனே வாருங்கள்.

அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நாங்கள் கேட்போம். கேட்க மறந்தால், நீங்களே சொல்லுங்கள்.